கரையாத மண்ணாங்கட்டி

காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். காலைக் கழுவினால்தான் வயலை விட்டு வெளியே வருவேன் என்று நின்றவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். வேலை முடிந்ததும் தன் நிலத்தின் கடைசி வாய்க்காலில் இறங்குவார். குதிகால், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவார். பிறகு மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து வரப்பில் மூன்று தட்டு. ஒட்டியிருந்த மண் பொலபொலவென்று விழும். அப்புறம்தான் கால் வெளியே வரும்.

"இன்னாக்கா, கோயிலுக்குப் போவசொல்லகூட இம்மாந்நேரம் கால் கழுவமாட்டே போலகீதே" என்று கேட்டால், "சாமிக்கு என் கால்ல ஒட்டிக்கினு கீற மண்ணு வேணாம். எனக்கு வேணும்" என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. நான் வைத்த பட்டப்பெயர்தான் தெரியும்.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. திருவொற்றியூருக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி, மணலிப் பக்கம் போகிற வழியில் ஒரு முப்பது வீடு. கிழக்கே பார்த்தால் ஆலைகளின் புகைபோக்கி. மேற்கே பார்த்தால் நெல்லும் கீரையும் முள்ளங்கியும். வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூருக்குப் போகிற வழியில் எங்களை இடித்துக்கொண்டு ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் ஒரு மண்கரை. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான்.

வருஷாவருஷம் மழைக்கு முன்னால், புரட்டாசியில், வீட்டுக்கு ஓர் ஆள் இரண்டு நாள் அந்தக் கரைக்கு வேலை செய்ய வேண்டும். சர்க்கார் காகிதத்தில் அதற்குக் குடிமராமத்து என்று பேர். எங்கள் வாயில் அது கரைமுறை. களிமண்ணை வெட்டிக் கூடையில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, எல்லோரும் வரிசையாகத் தோளைப் பிடித்துக்கொண்டு மிதிப்போம். ஒரு கையகலம் மண் போட்டால் உள்ளங்கால் சூடேறுகிற வரைக்கும் மிதிக்க வேண்டும். "மிதிக்கிற மிதியிலே ஆறு பயப்படணும்" என்று அக்கா சொல்வார். அக்கா என்றுதான் நானும் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கட்டினவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய் ராயபுரத்திலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வந்தார். முக்கால் காணி நிலத்தை அக்கா ஒண்டியாகப் பார்த்துக்கொண்டார்.

கீரையை வேரோடு பிடுங்குவார். பிடுங்கின இடத்திலேயே உதறி, அங்கேயே ஒரு பானைத் தண்ணீரில் அலசி, அந்தக் கலங்கல் தண்ணீரைப் பாத்தியிலேயே ஊற்றிவிட்டுத்தான் கட்டுக் கட்டுவார். மார்க்கெட்டில் அவரிடம் காய் எடுக்கிற பாய் ஒருவர், வண்ணாரப்பேட்டைக்காரர், நல்ல கேலிக்காரர். கூடையைப் பார்த்ததும் கத்துவார்: "வாங்கோ வாங்கோ, முள்ளங்கி குளிச்சி கிளிச்சி, பவுடர் போட்டுக்கினு வந்துகீது. இன்னாம்மா, கல்யாணத்துக்கா இட்டாந்தே?"

"சிரிங்க பாய்."

"மண்ணோட வந்தாத்தான் கீரை நாலு மணி வரிக்கும் உசுரோட கீது. நீ கலீஜுன்னு கழுவிடறே. அது மத்தியானமே தலை சாஞ்சிடுது."

"கலீஜா? அதான் பாய் உசுரு. கீரை உங்களுக்கு. உசுரு என் தோட்டத்திலியே இருக்கட்டும்."

பாய் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வாடின கீரையையும் அவரேதான் எடுத்துக்கொள்வார்.

மழை பிடித்தால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவோம். அக்கா கோணியைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வெளியே ஓடுவார். வயலின் கடை மடையில் குந்திக்கொண்டு, வெளியே போகிற தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிந்து போனால் பேசாமல் இருப்பார். கொஞ்சம் கலங்கிப் போனால் போச்சு, அந்தத் தண்ணீரைத் திட்டுகிற திட்டு நாலு வீட்டுக்குக் கேட்கும். "தெளிஞ்ச தண்ணி விருந்தாளி மாரி. வந்துச்சா, தின்னுச்சா, போச்சா. கலங்கின தண்ணி திருடன். எத்தயோ மடியில கட்டிக்கினுதான் போவுது" என்பார். மடையைச் சுற்றி வெட்டிவேரை வளையம் வளையமாக நட்டிருந்தார். திருடனைப் பிடிக்கிற போலீஸாம் அது.

இதையெல்லாம் பார்த்துத்தான் ஒருநாள் டீக்கடை வாசலில் நான் அந்தப் பேரை வைத்தேன். அக்கா கூடையோடு போய்க்கொண்டிருந்தார். "தபாரு, மண்ணாங்கட்டி போவுது" என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்கா நின்றார். கூடையை இறக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "கட்டியாத்தானே கீறேன், மில்லுக்காரே? கரைஞ்சி போனாத்தான் கேவலம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிழக்கே ஓர் ஆலையில் பாய்லர் பக்கத்து மேஸ்திரி. அதனால் ஊரில் மில்லுக்காரர். காக்கி நிக்கர், சட்டைப் பையில் பென்சில், பேப்பர் படிக்கிறவன். என் வாய்க்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ஒரு பேச்சு நான் பேசினால் நாலு நாள் அது நடமாடும். பட்டப்பெயர் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரன் போய் ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் என்னைப் போல ஆலைக்கோ துறைமுகத்துக்கோ போக ஆரம்பித்திருந்தார்கள். கரைமுறைக்கு லீவு கேட்டால் ஆலையில் சிரிப்பார்கள். "மேலே பெரிய அணை கட்டிட்டாங்கோ. இனிமே இங்க வெள்ளம் எங்கேந்து வரும்?" என்று ஊரிலும் பேச்சு. ஆக, கரை இளைத்துக்கொண்டே வந்தது. வளைவில் இருபது அடி நீளத்துக்கு முதுகு தேய்ந்து, மாடு ஏறி இறங்குகிற பள்ளமாகிவிட்டது. அக்கா கரையடியில் களிமண் குவியல் ஒன்று சேர்த்து, பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார், ஆபத்துக்கு என்று. பொங்கல் வந்தால் வீட்டுக்கு வீடு அதிலிருந்துதான் அள்ளித் தரை மெழுகினோம். என் மனைவி அடுப்பு போட்டதும் அந்த மண்ணில்தான்.

அந்தப் புரட்டாசியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பாய்லர் தின்று துப்பின நிலக்கரிச் சாம்பல் ஆலைக்குப் பின்னால் மலையாகக் கிடந்தது. அப்புறப்படுத்தச் சொல்லி மேலே நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊர்ப் பெரியதனக்காரரிடம் போய், "இந்த வருசம் கரைமுறையே வேணாம். வண்டி வண்டியா சாம்பல் வரும். கொட்டி மேல ஒரு பூச்சு மண்ணு போட்டுட்டா ஷோக்கா ஆயிடும். ஒருத்தரும் லீவு போட வேணாம்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஆலையில் என் சூப்பர்வைசர் முகமும் மலர்ந்தது. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்குகிறவனுக்கு நடையே வேறு மாதிரி ஆகிவிடும். எனக்கும் ஆயிற்று.

மாரியம்மன் கோயில் மரத்தடியில் கூட்டம். அக்கா ஒரு பித்தளைக் குண்டானில் தண்ணீரும் கையில் இரண்டு உருண்டையும் கொண்டுவந்தார். ஒன்று களிமண். ஒன்று சாம்பல், ஆலையிலிருந்து வந்த முதல் வண்டியில் எடுத்துப் பிசைந்தது. இரண்டையும் தண்ணீரில் விட்டார். சாம்பல் உருண்டை அடியைத் தொடுவதற்கு முன்பே பிரிந்து தண்ணீரெல்லாம் கறுத்தது. கையை விட்டுக் களிமண் உருண்டையை வெளியே எடுத்தார். பிடித்த விரல் தடம்கூட அதில் அப்படியே இருந்தது.

"பாத்துக்கோங்க. சாம்பலு தண்ணியக் குடிக்கும். புடிக்காது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் எனக்கே தெரிந்துவிட்டது, அவர் சொல்வது சரி என்று. பாய்லர் சாம்பலில் பத்து வருஷம் நின்றவனுக்குத் தெரியாதா? ஆனால் என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"இன்னாக்கா இது, கரை கட்டறோமா கொயக்கட்டை அவிக்கறோமா?" என்றேன். "மண்ணாங்கட்டி பேச்சு பேசாதே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்ததோடு கூட்டமும் முடிந்தது. அக்கா அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை, குண்டானோடு எடுத்துக்கொண்டு போனார். கரையில் சாம்பல் ஏறியது. மேலே ஒரு பூச்சு மண் பூசினோம். பார்க்க ஆனை முதுகு மாதிரி அழகாக இருந்தது.

ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் மழை விட்டு வெயில்கூட அடித்தது. ஆறுதான் விடவில்லை, மேலே பெய்ததெல்லாம் அன்றைக்குத்தான் எங்களிடம் வந்தது. ஆலைக்கு விடுமுறை. நான் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஓடிவந்தார்.

"மில்லுக்காரே, கரை கறுப்பா அயுவுது. ஆளுங்கள இட்டுக்கினு வா. மண்ணு, கோணி, வைக்கோலு, எத்த கெடச்சாலும் எடுத்துக்கினு வா."

போனோம். சாம்பல் போட்ட இடத்துக்குக் கீழே, அடியிலிருந்து மை மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. களிமண் குவியல் இருந்த இடத்தில் பனையோலை மட்டும் கிடந்தது. கோணியைப் போட்டோம். கோணியை இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு இருபது அடியும் ஒரே மூச்சில் உட்கார்ந்தது. உடைந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரை மூட்டையில் தண்ணீர் ஊற்றினால் எப்படி உட்காரும், அப்படி.

தண்ணீர் வீடுகளைப் பார்த்துத் திரும்பியது. கிழடுகளும் கைக்குழந்தைகளும் வீட்டுக்குள். நாங்கள் கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினோம். நான் பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அக்கா எங்களோடு ஓடி வரவில்லை. தன் நிலத்து மேல் வரப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நிலம் தாழ்வு. அதற்குக் கீழே என் வீட்டுக் கொல்லை. கொல்லைக்குப் பின்னால் கால்வாய். வரப்பைத் திறந்தால் ஆறு அவர் நிலத்தின் மேல் படுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போய்விடும். அந்த வரப்பிலும் வெட்டிவேரை நட்டவர் அவரேதான். அது அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திட்டினாரா, சமாதானம் சொன்னாரா, எனக்குக் கேட்கவில்லை.

ஊருக்குள் முழங்கால் தண்ணீரோடு நின்றுவிட்டது. ஒரு கோழிகூடச் சாகவில்லை. அக்காவின் நிலத்தில் நெல் போயிற்று, பாத்தி போயிற்று, அவர் கால் கழுவிக் காத்த கறுத்த மண் ஒரு முழத்துக்கு வழித்துக்கொண்டு போயிற்று. அடியில் இருந்த சுக்கான் பாறை, சாப்பிட்டு முடித்த மாட்டின் எலும்பு மாதிரி, வெளியே தெரிந்தது.

பக்கத்திலிருந்த பெரியதனக்காரரின் கத்தரித் தோட்டமும் ஓரமாகக் கொஞ்சம் போயிற்று. அதுதான் வினையாயிற்று.

நாலு நாள் கழித்துத் தாசில்தார் ஜீப்பில் வந்தார். குடிமராமத்து ஒழுங்காகச் செய்த ஊருக்குத்தான் சர்க்கார் கரை கட்டித் தரும், விதைநெல் தரும் என்று பியூன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். கரையைச் சாம்பலால் கட்டினோம் என்று யார் சொல்வது? மரத்தடியில் நாற்காலி போட்டோம். பெரியதனக்காரர்தான் ஆரம்பித்தார்.

"கரை நல்லாத்தான் சார் இருந்துச்சி. இந்தம்மா மம்மட்டிய எடுத்துக்கினு வெட்டிட்டாங்க. ஊரே பாத்துச்சி."

தாசில்தார் அக்காவைப் பார்த்தார். "நீ வெட்டினாயா?"

"வெட்னேன் சாமி."

"எதுக்கு?"

"மண்ணு போனா அள்ளிக்கினு வந்துடலாம். மன்சன் போனா எங்க போய் அள்றது?"

அவருக்குப் புரியவில்லை. சுற்றிப் பார்த்தார். காக்கி நிக்கரும் பென்சிலுமாக நான் நின்றேன். படித்தவன் போலத் தெரிந்திருப்பேன். "நீ சொல்லப்பா. நீ இருந்தாயா அங்கே? வெட்டினதைப் பார்த்தாயா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பார்த்திருந்தால் நான் ஒருவேளை வேறு விதமாகச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அதுகூடப் பொய்யாகத்தான் இருக்கும். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுவின கால்.

"வெட்னாங்க சார். என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வெட்டினார், நான் பார்த்தேன். வெட்டினது கரையை அல்ல, தன் வரப்பை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் பாவம் என்றாவது ஒரு பேர் இருக்கும். உண்மையை வைத்துக்கொண்டு ஒருவரைக் கவிழ்த்ததற்கு என்ன பேர் என்று எங்கள் ஊர்ப் பழமொழியில் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

தாசில்தார் எழுதிக்கொண்டார். ஊருக்குக் கரை வந்தது. விதைநெல் வந்தது. பட்டியலில் அக்காவின் பேர் மட்டும் இல்லை.

மழை முழுக்க ஓய்ந்து, கார்த்திகை வெயில் வந்த ஒரு காலை. என் கொல்லை முழுக்க வண்டல் மேடு. முருங்கை மரம் இடுப்பளவுக்குப் புதைந்து நின்றது. அக்கா வந்தார். இடுப்பில் கூடை, கையில் ஒரு பெரிய சல்லடை. நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்தேன். என் மனைவிதான் வாசலில் இருந்தாள்.

"இன்னாம்மா, நல்லாகீறியா?" என்றார் அவளிடம். "எங்க வூட்டு மண்ணு உங்க கொல்லையில வந்து குந்திக்கினு கீது. இட்டுக்கினு போவலாம்னு வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எடுத்துக்கோங்கக்கா, எங்களுக்கு எதுக்கு? உள்ளதான் கீறாரு. வந்து கைகொடுக்கச் சொல்லட்டா?"

"வேணாம். மில்லுக்காரு டூட்டிக்குப் போவணும்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கும் அது தெரியும்.

ஒவ்வொரு கூடையாகச் சலித்தார். மண்ணைக் கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நிலத்துக்குப் போவார், கொட்டுவார், வருவார். எத்தனை நாள் என்று கணக்கில்லை. நான் ஆலைக்குப் போகும்போது சலித்துக்கொண்டிருப்பார். வரும்போதும் சலித்துக்கொண்டிருப்பார். ராயபுரத்திலிருந்து அவரைக் கட்டினவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பத்து நடை சுமந்துவிட்டுப் போனார். நான் ஒரு கூடை தூக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் போய் நிற்கவே கால் வரவில்லை.

கடைசி நாள் எனக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தேன். கொல்லை பழைய மட்டத்துக்கு வந்திருந்தது. முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு குவியல், என் இடுப்பு உயரம். கறுப்பாக, பொறபொறவென்று, சல்லடையில் மிஞ்சின பாய்லர் சாம்பல்கட்டியும் கரிக்கட்டியும். அக்கா சல்லடையை முருங்கையில் மூன்று தட்டு தட்டினார்.

"என்னுத எடுத்துக்கினேன்" என்றார். "இது உன்னுது. பத்திரமா வச்சிக்கோ, மேஸ்திரி."

மில்லுக்காரே என்று சொல்லவில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் "அக்கா" என்றேன். நாலு நாள் நடமாடுகிற பேச்சுப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு அந்த ஒரு சொல்தான். அவர் என் வீட்டு வாய்க்காலோரம் குந்தி, காலைக் கழுவினார். என் கொல்லை மண் ஒரு பொட்டுகூட ஒட்டாமல் கழுவிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவர் நிலம் விளைந்தது. நானும் பார்த்தேன், தூர இருந்து. சர்க்கார் கட்டின கரையின் மேல் வெட்டிவேர் முளைத்ததையும் பார்த்தேன். யார் நட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சாம்பல் குவியலை நான் அப்புறப்படுத்தவில்லை. முதலில் முடியவில்லை, பிறகு மனம் வரவில்லை. அதில் ஒரு புல்லும் முளைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, "அது இன்னா நைனா, கொல்லையில குவிச்சி வச்சிகீறே?" என்று கேட்பார்கள்.

"ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல" என்று வாய் முந்திக்கொண்டு சொல்லிவிடும்.

சொன்ன பிறகு அந்தக் குவியலைப் பார்ப்பேன். உண்மைதான். ஒன்றுகூட விடாமல் சலித்து எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்.